பூட்டிவைத்த விசில்

டெல்லியில் இருபது வருஷம் குடியிருந்த தமிழன் எதையும் பூட்டாமல் விடமாட்டான். திருநெல்வேலிக்குப் போகும்போது ரயிலில் பெட்டியைச் சங்கிலி போட்டுப் பூட்டி, நாலு தடவை இழுத்துப் பார்த்த பிறகுதான் அவனுக்குச் சோறு இறங்கும். அந்தப் புத்தி என்னோடு அந்தமானுக்கும் வந்தது. வந்து, என் மகளைக் காவு வாங்கப் பார்த்தது.

அரசாங்கத்தின் விடுமுறைப் பயணச் சலுகையில் (எல்.டி.சி. என்றால்தான் டெல்லியில் நாங்கள் இருக்கும் மயூர் விஹாரில் புரியும்) குடும்பத்தோடு கிளம்பினோம். கடலில் கயாக் ஓட்ட வேண்டும் என்று ஒன்பதாவது படித்த மகள் நித்யாவுக்கு ஆசை. துடுப்புப் போடும் அந்த ஒடுங்கிய படகுக்காக நான் ஒரு மாதம் வீடியோ பார்த்துத் தீர்த்தேன். விசில், வெயிலைத் திருப்பி அடித்து ஆளைக் கூப்பிடச் சின்னக் கண்ணாடி, மினுக்கும் விளக்கு, மிதக்கும் கயிறு, போனுக்குத் தண்ணீர் புகாத உறை என்று ஒரு பை நிறைய வாங்கினேன். ஹாலில் உட்காரவைத்து வகுப்பு வேறு எடுத்தேன்.

"இதெல்லாம் உடம்புலயே இருக்கணும். படகு கவுந்தா கைக்கு எட்டணும். தெரிஞ்சுதா?"

"அச்சா பா," என்றாள் நித்யா, போனிலிருந்து தலையை எடுக்காமல்.

என் விசில் ஒத்திகையைக் கேட்டுக் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, யமுனையில் வெள்ளமா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அந்தமான் கடற்கரையில் ஏகப்பட்ட கூட்டம். பை முழுக்கப் புத்தம்புதுச் சாமான்! எவனாவது அடித்துக்கொண்டு போய்விட்டால்? ரயில் சங்கிலியை எடுத்து, பையின் இரண்டு ஜிப்பையும் சேர்த்துக் கோத்து, படகிலிருந்த வளையத்தில் மாட்டிப் பூட்டினேன். (இழுத்தும் பார்த்தேன்.) வழிகாட்டி "சலோ, சலோ" என்று அவசரப்படுத்தினார். பைதான் படகிலேயே இருக்கிறதே என்று நித்யாவோடு அப்படியே ஏறிவிட்டேன். சாவியைக் கரையில் நின்ற மனைவி கோமதியிடம் கொடுத்தேன்.

"எங்கிட்ட எதுக்குத் தாரீங்க?"

"கடல்ல விழுந்து தொலைஞ்சுட்டா என்ன செய்ய?"

சாவியைப் பற்றித்தான் சொன்னேன்.

வழிகாட்டி இன்னொரு ஜோடியோடு முன்னால் போய்விட்டார். நாங்கள் பின்தங்கினோம். பக்கவாட்டில் ஓர் அலை வந்தது, படகு குப்புறக் கவிழ்ந்தது. லைஃப் ஜாக்கெட்டைப் படகுக்காரர்களே மாட்டிவிட்டிருந்ததால் மிதந்தோம். (என் பொறுப்பில் விட்டிருந்தால் அதையும் பூட்டியிருப்பேன்.) நான் படகைப் பிடித்துக்கொண்டேன். நித்யாவை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போனது.

"பா! சீட்டி பஜாவோ! விசில் பா, ஜல்தி!"

விசில் படகுக்கு அடியில் தொங்கியது. கயிறும் அங்கேதான். மூச்சைப் பிடித்துத் தலையை உள்ளே விட்டு, பையை இழுத்தேன், உலுக்கினேன், பல்லால் கடித்தேன். யானை இழுத்தாலும் கிழியாது என்று கடைக்காரன் சொன்னது சத்தியம். நித்யாவுக்கும் எனக்கும் நீச்சல் தெரியாது. படகைத் தள்ளிக்கொண்டு அவள் பக்கம் போகப் பார்த்தேன், அது திரும்பவே இல்லை. கத்தினேன், வாயில் உப்புத் தண்ணீர்தான் போனது. அவள் தலை ஒவ்வோர் அலைக்கும் மறைந்து மறைந்து தெரிந்தது. ஒரு தடவை தெரியவில்லை. ஐயோ, அந்த ஒரு தடவை! அதை இன்றைக்கும் என்னால் முழுசாக நினைக்க முடியவில்லை.

கரையிலிருந்து கோமதி இதைப் பார்த்திருக்கிறாள். சாவியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, சேலையோடு கடலுக்குள் இறங்கி, "சாவி எங்கிட்டல்லா இருக்கு! சாவி எங்கிட்டல்லா இருக்கு!" என்று கதறியிருக்கிறாள். யாரோ ஒரு பெண் சாகப்போகிறாள் என்று நினைத்துத்தான் வழிகாட்டி படகைத் திருப்பினார். கோமதி எங்கள் பக்கம் கை நீட்டிய பிறகே எங்களைப் பார்த்தார். நித்யாவை முதலில் தூக்கினார்.

கரையில் அவள் வாந்தியெடுத்து முடிக்கும்வரை கோமதி முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அப்புறம் என் உள்ளங்கையில் சாவியை வைத்து, "இப்பத் தொறந்துக்கிடுங்க," என்றாள். அன்று ஓட்டல் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

டெல்லி வந்தும் நித்யா என்னிடம் சரியாகப் பேசவில்லை. பரீட்சைக்குக் கிளம்பியவளிடம் ஒருநாள், "பயப்படாத, அப்பா இருக்கேன்லா," என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டே, "சாவி யார்கிட்ட பா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் ஆறுதல் சொன்னால் இதுதான் பதில்.

போன குளிர்காலத்தில் கோமதிக்குக் கர்ப்பப்பையில் கட்டி, ஆபரேஷன். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகையில், "பயப்படாத, நான் இருக்கேன்லா," என்றேன்.

"சாவி யாருகிட்ட?" என்றாள்.

மலையாளி நர்ஸுக்கு அது வீட்டுச் சாவியாகப் பட்டது. "சார்கிட்ட கொடுத்துட்டுப் போங்க சேச்சி."

"ஐயோ சிஸ்டர், அவுககிட்டயா? என்னைய உள்ள வச்சே பூட்டிருவாக!"

ஆபரேஷன் அறைக் கதவு மூடிக்கொண்டது. நித்யாதான் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடலுக்குப் பிறகு அவளாக என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.