மச்சானின் இருபத்தொரு மில்லிமீட்டர்

பாலாவி,
வியாழக்கிழமை, லுஹர் தொழுத பிறகு.

கண்ணியத்துக்குரிய மச்சான் றஊப் அவர்களுக்கு, உங்கள் மனைவி சுல்பாவின் மூத்த நானா மஸாஹிர் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் இங்கு நானும் என் மனைவி கமறியாவும் சுகம். சரியாகச் சொன்னால் கமறியா சுகம். எனக்கு வெட்கத்தைத் தவிர வேறு வருத்தம் இல்லை. வண்ணாத்திவில்லில் நீங்களும் தங்கச்சியும் உங்கள் கராஜும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன்.

போனில் சொல்லிவிடலாம் என்று ஏழு தரம் எடுத்தேன். ஏழு தரமும் வெட்டினீர்கள். கடிதத்தையும் நீங்கள் கிழிக்கலாம்; ஆனால் கிழிக்கிற மனுசனும் ஒரு வரி வாசித்துவிட்டுத்தான் கிழிப்பான். ஆகையால் அந்த ஒரு வரியை இங்கேயே எழுதுகிறேன். மர்ஷூதாவின் கலியாணத்தன்று, பள்ளிவாசலில், மாப்பிள்ளை ஏறி வந்த என் மோட்டார் சைக்கிள் பெற்றோல் கக்கினது உங்கள் வேலையால் அல்ல. என் வேலையால். உங்கள் மகளின் கலியாணத்தில் ஊர் முன்னால் உங்களைக் குற்றவாளி ஆக்கினவன்தான் குற்றவாளி. இப்போது கிழிப்பதென்றால் கிழிக்கலாம்.

கிழிக்கவில்லை என்றால் மிச்சத்தையும் கேளுங்கள். என் எழுபத்திநாலாம் ஆண்டு ஜப்பான் சைக்கிளில் மாப்பிள்ளை வர ஆசைப்பட்டதும், அது சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது என்று நான் உங்கள் கராஜுக்குத் தள்ளிக்கொண்டு வந்ததும் ஞாபகம் இருக்கும். நீங்கள் காபரேட்டரைக் கழற்றி, அடிக்கிண்ணத்தை எடுத்து வைத்து, உள்ளே இருந்த பித்தளை மிதப்பைக் காட்டினீர்கள். கிண்ணத்தில் பெற்றோல் ஏற ஏற அந்த மிதப்பும் ஏறி, ஒரு ஊசியைத் தள்ளி வழியை மூடுமாம். எந்த உயரத்தில் மூட வேண்டும் என்று அதன் தகட்டு நாக்கை வளைத்துச் சரிபண்ணுவதுதான் வேலையாம். அதுவரைக்கும் எனக்கும் விளங்கினது. பிறகு நீங்கள் காபரேட்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒரு சொட்டுப் பெற்றோல் இல்லாமல், அடிமட்டக் கோலை வைத்து அளந்தீர்களே, அங்கேதான் சைத்தான் என் வாய்க்குள் புகுந்தான்.

"மச்சான், மிதப்பு மிதக்கிற சாமான். அத ஏன் வௌவால் மாதிரி தொங்கப் போட்டு அளக்கிறீங்க?"

"இருபத்தொரு மில்லிமீட்டர், மச்சான். இது கவுத்துத்தான் அளக்கோணும். இனி இதுல கை வெக்காதீங்க."

"நான் எங்க கை வெச்சேன்? வாய்தானே வெக்கிறேன்."

"அதுக்குத்தான் எனக்குக் கூடுதலாப் பயம்."

கராஜில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் என்னை வென்றதுதான் என்னால் பொறுக்க முடியாமல் போனது. நாற்பது வருஷமாக உங்களைக் கிண்டல் பண்ணி வாழ்கிற ஆள் நான். பாலாவிக்கு வந்து தேத்தண்ணிக் கடையில் இருந்த அத்தனை பேருக்கும் சொன்னேன், எங்கட மச்சான் தோணியைத் தென்னமரத்துல தொங்கப் போட்டுத்தான் மிதக்குமா எண்டு பார்ப்பார் என்று. சொன்னதோடு நின்றிருந்தால் புண்ணியம். கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்க, மிதக்கிற சாமானை மிதக்க விட்டு அளந்து காட்டுகிறேன் பார் என்று காபரேட்டரை நானே கழற்றினேன். பெற்றோலில் மிதக்க விட்டால் கமறியா அந்த மணத்துக்கு என்னையும் சேர்த்து வெளியில் எறிவாள். அதனால் உப்பளத்துக்குப் போய்ப் பாத்தியில் ஒரு போத்தல் தண்ணி அள்ளி வந்து, கிண்ணத்தில் ஊற்றி, மிதப்பை மிதக்க விட்டேன். ஆஹா, வாத்து மாதிரி மிதந்தது! அது மிதந்த அளவுக்கு நாக்கை வளைத்து, உயரத்தைச் சரிபண்ணி, நல்ல தண்ணியில் கழுவித் துடைத்துப் பூட்டினேன். தூசு படக்கூடாது என்று ஸ்டார்ட் பண்ணியும் பார்க்காமல், கலியாணத்துக்கு முதல்நாள் லொறியில் ஏற்றி உங்கள் வீட்டு வாசலில் இறக்கினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்குப் பேனை ஓடவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். மாப்பிள்ளை வெள்ளைக் கோட்டுடன் சந்தியில் ஏறினார், பள்ளிவாசல் கேற்றடி மட்டும் ராசா மாதிரி வந்தார், கேற்றடியில் சைக்கிள் இருமினது, நின்றது, இடது சப்பாத்துக்குள் பெற்றோல் குடம் குடமாக இறங்கினது, அந்த நேரம் பார்த்து உங்கள் அயல்வீட்டுப் பொடியன்கள் சீனவெடிக்கு நெருப்புப் பெட்டியை உரச, மோதினார் "அணைங்கடா, அணைங்கடா!" என்று கத்திக்கொண்டு வுழூச் செய்கிற தண்ணியை வாளியோடு அள்ளி நெருப்புக்கு ஊற்றாமல் மாப்பிள்ளைக்கு ஊற்ற, கடைசியில் அந்தப் பிள்ளை மோதினாரின் சாரத்தைக் கட்டிக்கொண்டு நிக்காஹ் முடித்தது. ஆள் தப்பினதே பெரிய நிஃமத். அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? கேற்றில் ஏறி நின்று, "பார்த்த வேலை ஆர்ட தெரியுமா? பொம்புளட வாப்பாட! கவுத்து அளந்த கை!" என்று கத்தினேன். சனம் முழுக்க உங்களைத் திரும்பிப் பார்த்தது. உங்கள் சம்பந்தி மிஹ்லார் ஹாஜியார் கற்பிட்டியில் இருந்து கூட்டி வந்த அத்தனை பேருக்கும் முன்னால், "சொந்த மருமகனுக்கே இந்த வேலயெண்டா ஊரான்ட வண்டிக்கு எப்படியோ!" என்றார். நீங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நான் அப்போதும் சிரித்தேன், மச்சான். அதுதான் இப்போது சோறு இறங்குதில்லை.

போன கிழமை மர்ஷூதா கோல் எடுத்தாள்.

"மாமா, இஞ்ச அடுப்புல பால் பொங்கினாலும் 'வாப்பாட வேலையா?' எண்டு கேக்குறாங்க."

"நீ என்ன மகள் சொன்ன?"

"நானும் சேந்து சிரிப்பேன். சிரிச்சிட்டு அறைக்குள்ள போயிருவேன். மாமா, வாப்பா இப்ப ஸ்பேனர தொடுறதே இல்லயாம். உம்மா சொன்னா."

அதைக் கேட்டும் எனக்குப் புத்தி வரவில்லை. பிள்ளைக்கு மட்டும் பாவம் பார்த்தேன். புத்தி தந்தது என்னோடு உப்பளத்தில் வேலை செய்த இன்னாசித்தம்பி. அவனுக்கு இந்தக் கதையை நான் ஆறாவது தரம், உப்புத் தண்ணி கெட்டித்தனத்தையும் சேர்த்துச் சொல்லிச் சிரித்தபோது, அவன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"நானா, நான் வேலைக்கு வந்த முதல் நாள் பாத்தியில முட்டையப் போட்டு மிதக்குது பார் எண்டு என்னப் பேய்க்காட்டினது ஆரு?"

"நாந்தான்."

"கிணத்துல போட்டா அந்த முட்டை என்ன செய்யும்?"

"தாழும்."

"அப்ப பெற்றோல்ல?"

நான் தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பி வந்தேன். மிதப்பைக் கழற்றி, ஒரு ஜேம் போத்தலில் பாத்தித் தண்ணியும் மற்றதில் பெற்றோலும் ஊற்றி, மாறி மாறி விட்டுப் பார்த்தேன். பாத்தித் தண்ணியில் வாத்து. பெற்றோலில் கழுத்து மட்டும் தாழ்ந்த எருமை. தாழ்ந்து மிதக்கிற மிதப்பு வழியை மூடுவதற்குள் பெற்றோல் எல்லை தாண்டி ஏறிவிடும். பிறகு மாப்பிள்ளையின் சப்பாத்துத்தான். முப்பத்தொரு வருஷம் முழங்கால் மட்டும் உப்புத் தண்ணியில் நின்றவனுக்கு உப்புத் தண்ணி எதையும் தூக்கும் என்று தெரியாமல் போச்சே. கமறியா இரண்டு போத்தலையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "உங்கட வாய்க்கும் ஒரு ஊசி வெச்சுப் பூட்டியிருந்தா அண்டைக்கு இவ்வளவு வழிஞ்சிருக்காது" என்றாள். மச்சான், நான் பதில் சொல்லவில்லை. சுல்பாவிடம் கேட்டால் தெரியும், நான் பதில் சொல்லாமல் விட்டது பிறந்ததுக்கு இதுதான் முதல்.

ஆகவே மன்னிப்புக் கேட்கிறேன். வெறும் வாயால் கேட்டால், வாயின் மரியாதை உங்களுக்கே தெரியும். அதனால் இந்தக் கடிதத்தைப் போட்டோக்கொப்பி எடுத்து, கையெழுத்தும் வைத்து, மிஹ்லார் ஹாஜியாருக்குக் கற்பிட்டி பஸ்ஸில் குடுத்தனுப்புகிறேன். அவர் அதை மர்ஷூதாவுக்கு முன்னால் சத்தமாக வாசிக்க வேண்டும் என்றும் கொப்பியின் மேலே எழுதியிருக்கிறேன். இனி பால் பொங்கினால் என் பெயரைச் சொல்லட்டும். நீங்கள் ஸ்பேனரை எடுங்கள். என் சைக்கிளில் நான் இனி கை வைக்க மாட்டேன், வாயும் வைக்க மாட்டேன்.

அல்லாஹ் உங்கள் கையிலும் தொழிலிலும் பரக்கத்தைப் போடட்டும். மர்ஷூதாவின் குடும்பத்தில் பால் தவிர வேறெதுவும் பொங்காமல் இருக்கட்டும். தங்கச்சிக்கு என் சலாம், கமறியாவின் சலாம் வேறாக.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத மச்சான்,
மஸாஹிர்.

பி.கு.: ஹாஜியாருக்குப் போன கொப்பியில் இந்தப் பகுதி இல்லை. பஸ் போன பிறகு, பின்னேர பஸ்ஸில் உங்களுக்குக் கடிதம் வருகிறது என்று சொல்லச் சுல்பாவுக்குக் கோல் எடுத்தேன். அவள் விஷயத்தைக் கேட்டதும் அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு எல்லாத்தையும் கொட்டினாள். கலியாணத்துக்கு முதல்நாள் நான் மஃரிப் தொழப் போன நேரம், என்னை நம்பாமல் நீங்கள் காபரேட்டரைத் திறந்தீர்களாமே? நான் வளைத்த நாக்கைக் கண்டு "இந்த மனுசன் திருந்தாது" என்றீர்களாமே? உங்கள் மூக்குக் கண்ணாடியை நகைப்பெட்டிக்குள் வைத்து யாரோ பூட்டிவிட, கண்ணாடி இல்லாமல் கவுத்து அளந்து, இருபத்தொன்று என்று நினைத்துப் பன்னிரண்டில் வைத்தீர்களாமே? அப்படியென்றால் சப்பாத்துக்குள் இறங்கினது என் உப்புத் தண்ணி அல்ல, உங்கள் பன்னிரண்டு! கலியாணம் முடிந்து கண்ணாடி கிடைத்த பிறகு கண்டுபிடித்து, சத்தமில்லாமல் சரிபண்ணித்தான் சைக்கிளைத் திருப்பி அனுப்பினீர்களாமே? வந்த நாளில் இருந்து ஒரு சொட்டு ஒழுகவில்லை, நான் துஆப் பலிச்சிட்டு எண்டெல்லோ இருந்தேன்!

ஹாஜியார் கொப்பியை வாசிக்க, மர்ஷூதாவும் வாய்விட்டுச் சிரித்தாளாம், இப்போதுதான் கற்பிட்டியில் இருந்து கோல் வந்தது. அது அப்படியே இருக்கட்டும். வெட்கத்தை நானே வைத்துக்கொள்கிறேன், எனக்குப் பழகிவிட்டது. நாளைக்கு ஜும்ஆவுக்குப் பிறகு இரண்டு பேரும் சாப்பிட வாருங்கள். வந்து என் காதில் மட்டும் ஒருதரம், "மச்சான், பன்னெண்டு" என்று சொன்னால் போதும். வலது காது மந்தம், இடது காதில் சொல்லுங்கள். அந்தப் பக்கம்தான் கமறியாவை இருத்தி வைக்கிறேன், அவளுக்கும் கேட்கட்டும்.