கே.கே. நகரில் ஒரு வங்கக்கடல்

திருச்சியில் கடல் இல்லை என்று சொல்கிறவர்கள் கே.கே. நகரில் எங்கள் தெருவுக்கு வந்ததில்லை. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கடல் உண்டு. ஹாலில் உண்டு, மாடிப்படி ஓரத்தில் உண்டு, இஸ்திரிக் கடையில் கூட ஒன்று தொங்குகிறது. எல்லாம் ஒரே மனிதர் படம் பிடித்து, ஃப்ரேம் போட்டுப் பரிசாகக் கொடுத்தவை. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஆதார் கார்டில் இருக்கும். எங்களுக்கு அவர் வங்கக்கடல் சார்.

ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். டிவியில் 'வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு' என்று சொன்னதும் நாங்கள் மொட்டை மாடிக்கு ஓடிக் காயப்போட்ட துணியை அள்ளுவோம். அவர் கேமராப் பையை மாட்டிக்கொண்டு ஜங்ஷனுக்கு ஓடுவார். கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் ரயில்வே பாஸில் காசியும் டெல்லியும் பார்த்துவிட்டு வந்தார்கள். இவர் பாஸ் நாகப்பட்டினத்தைத் தாண்டியதே இல்லை.

"எல்லாப் புயலும் எங்கெங்கயோ கரையைக் கடக்குதுங்கிறாங்க. எனக்குத் தெரிஞ்சு எல்லாம் எங்க வீட்லதான் கடக்குது" என்பார் அவர் மனைவி. தெருவுக்கே அவர் அக்கா.

ஒரு முறை தெருவே வேன் பிடித்து அவரோடு வேளாங்கண்ணிக்குப் போனோம். சாயங்காலம் கடற்கரையில் எங்களை வரிசையாக நிறுத்திவிட்டார். சூரியன் கடலில் இறங்கும் என்று நாங்களும் வாயைத் திறந்துகொண்டு நின்றோம்.

"சார், சூரியனைக் காணுமே?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அவர் அப்பவே பின்னாடி போயிட்டாருங்க. பஸ் ஸ்டாண்டு பக்கம் இறங்கிட்டிருப்பாரு."

"அப்ப எங்களை எதுக்கு இங்க நிக்க வச்சிருக்கீங்க?"

"சூரியனைத்தான் தினமும் எல்லாரும் பாக்குறாங்களே. எதிர்ப்பக்கம் பாருங்க."

பார்த்தோம். கடலுக்கு மேலே வானம் இளஞ்சிவப்பாகி, அதற்குக் கீழே சாம்பல் நீலத்தில் ஒரு பட்டை மெல்ல எழுந்தது. "அது நம்ம பூமியோட நிழல்" என்றார் சார், சொந்த வீட்டைக் காட்டுகிறவர் போல. ஆளாளுக்குக் கை நீட்டி அந்தப் பட்டையை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டோம். பிறகு யாரோ பஜ்ஜி வாங்கப் போனார்கள். கிளம்பும்போது அக்கா சாரைக் கட்டாயப்படுத்தி எங்களை ஒரு குரூப் போட்டோ எடுக்க வைத்தார். பிரிண்ட் வந்தது. முக்கால் படம் மேகம். கீழே கடுகு தாளித்தது போல நாங்கள்.

"இதுல நான் எங்க சார்?" என்றேன்.

"அந்தப் பெரிய மேகத்துக்கு நேர் கீழ பாரும்மா. நல்லா விழுந்திருக்க."

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் நீலம். அவர் கொடுத்த கடல்கள் வருஷத்துக்கு வருஷம் நீலமாகிக்கொண்டே போயின. துவைத்த வேட்டிக்கு விடும் சொட்டு நீலத்தைப் பாட்டிலோடு கவிழ்த்த மாதிரி. கடைசியாக எங்கள் கல்யாண நாளுக்கு வந்த படத்தில் அலை நீலம், மணல் நீலம், மணலில் படுத்திருந்த நாயும் நீலம்.

"கேமரா பழசாயிடுச்சும்மா. எல்லாத்தையும் மஞ்சளா எடுக்குது. நான்தான் கம்ப்யூட்டர்ல உக்காந்து சரி பண்றேன். எப்படி இருக்கு?"

"பிரமாதம் சார்" என்றேன். தெரு முழுக்க அதே பிரமாதம்தான். அந்த முகத்தைப் பார்த்து வேறு எதுவும் சொல்ல யாருக்கும் நாக்கு வரவில்லை.

கேமரா மேல் ஒரு குற்றமும் இல்லை. சாருக்குக் கண்ணில் புரை. எல்லாவற்றையும் மஞ்சளாகக் காட்டியது அதுதான். தெருமுனையில் வேகத்தடை இருப்பதே தெரியாமல் ஸ்கூட்டரை அதன் மேல் ஏற்றிய அன்று அக்கா அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன்.

எதிர்வீட்டு டீச்சர்தான் முதலில் பதறினார். அவருக்குப் போன வருஷம் அதே ஆபரேஷன் ஆகியிருந்தது. "எனக்கு ஆபரேஷன் முடிஞ்சு வந்ததும் பால் கூட நீலமாத் தெரிஞ்சுதுங்க. தண்ணி கலக்குறான்னு பால்காரரோட சண்டையே போட்டேன். சார் வந்து நம்ம வீட்டுக் கடலையெல்லாம் பாத்தார்னா என்ன ஆகறது?"

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. இத்தனை வருஷம் பிரமாதம் என்று சொன்னது பொய் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அப்புறம் அந்த மனுஷன் கேமராவைத் தொடுவாரா? படங்களைக் கழற்றி ஒளித்துவிடலாம் என்றார் இஸ்திரிக் கடைக்காரர். வெறும் ஆணியைப் பார்த்தால் இன்னும் நொந்துபோவார் என்றேன் நான். பேசிக்கொண்டே இருந்தோமே தவிர யாரும் ஒன்றும் செய்யவில்லை.

கறுப்புக் கண்ணாடியோடு அவர் முதலில் வந்தது எங்கள் வீட்டுக்கு. ஹாலில் படத்துக்கு முன் நின்று கண்ணாடியைக் கழற்றினார். வலது கண்ணைப் பொத்திப் பார்த்தார். "சரியாத்தான இருக்கு" என்றார். இடது கண்ணைப் பொத்தினார். "ஐயய்யோ!" மறுபடி வலது, மறுபடி இடது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

"என்னம்மா இது, நாய் நீலமா இருக்கு?"

நான் காபி போட அடுப்படிப் பக்கம் திரும்பினேன்.

"ஏம்மா ஒருத்தர் கூடச் சொல்லல?"

"உங்களுக்குக் கடல் இப்படித்தான் தெரியுதுன்னு விட்டுட்டோம் சார்."

காபி கூடக் குடிக்காமல் போய்விட்டார். கேமரா பீரோவுக்குள் போனது. இன்னொரு கண்ணும் சரியானது, மனிதர் சரியாகவில்லை. வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் வந்தது. அக்காவே ஃபிளாஸ்கில் காபி ஊற்றி, பையைத் துடைத்து வாசலில் வைத்தார். சார் சேனலை மாற்றிவிட்டார். "அவர் போனாத்தான் திட்டுவேன்னு பேரு. இப்ப திட்டக் கூட ஆளில்லாத மாதிரி இருக்குங்க" என்று அக்கா என்னிடம் கண் கலங்கினார்.

மறுநாள் காலையில் சார் ஒரு கோணிப்பையோடு வீடு வீடாகக் கிளம்பினார். படங்களை எல்லாம் திருப்பி வாங்கிக் கிழித்துப் போடப் போகிறாராம். டீச்சர் கதவை முழுசாகத் திறக்கவே இல்லை. "குடுத்தது குடுத்ததுதான் சார். அதைப் பாத்துக்கிட்டேதான் நான் காபி குடிக்கிறேன்." இஸ்திரிக் கடைக்காரர் துணியைத் தேய்த்தபடியே நிமிராமல் சொன்னார்: "இந்த வெக்கைல நிக்கிற எனக்கு அது ஒண்ணுதாங்க குளிர்ச்சி. எடுத்துட்டுப் போயிராதீங்க." நான் படத்தின் முன்னால் போய் நின்றுகொண்டேன். கோணிப்பை காலியாகவே வீடு திரும்பியது.

அடுத்து வந்த தாழ்வு மண்டலத்துக்கு அக்காவின் குரல் தெருமுனை வரை கேட்டது. "இந்த மழைல எங்க கிளம்பிட்டீங்க?" தெருவே நிம்மதியாக மூச்சு விட்டது.

இப்போது அவர் எடுக்கும் கடல் அசல் கடல். மழைக்காலத்தில் சேற்று நிறம், வெயிலில் வெளிர்பச்சை. நாய் கூட நாய் நிறத்தில் இருக்கிறது. பழசைக் கொடுத்துவிட்டு இதை வைத்துக்கொள்ளச் சொல்லி, எங்களைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். புதுசை வாங்கி மாட்டிக்கொண்டேன், பழசைக் கொடுக்கவில்லை. புதுப் படத்தில் இருப்பது எல்லாருக்கும் தெரிகிற கடல்தான். கண் மங்கிக்கொண்டே போன காலத்தில் கடல் எவ்வளவு நீலம் என்பதை மறந்துவிடாமல் அந்த மனுஷன் மனசிலிருந்து எடுத்துக் கொடுத்ததை நான் எப்படித் திருப்பிக் கொடுப்பேன்?