குடும்பக் குறூப்பில் ஒரு கீட்டோன்

அனுப்பிவிட்டுத்தான் தக்ஷாயினி பார்த்தாள். குரல் பதிவு கூடப் படிக்கும் அஜந்தாவுக்குப் போகவில்லை. நாற்பத்திரண்டு பேர் இருக்கிற குடும்பக் குறூப்பில் போய் விழுந்திருந்தது.

"இன்சுலின் இல்ல. கொழுப்பு உருகுது. கீட்டோன் கூடுது. ரத்தம் அமிலமாகுது. மறுகா மயக்கம்."

அழிப்பதற்குள் பதினொரு பேர் கேட்டுவிட்டார்கள். திங்கள் காலை உயிர் இரசாயனவியல் சோதினை. வருடம் முழுக்கப் படித்த அத்தனை பாடமும் ஒரே தாளில். இன்று ஞாயிறு. விளக்கம் சொல்ல நேரமில்லாமல், "பயப்படாதீங்க, நாளைக்குக் கடைசிச் சோதினை" என்று ஒரு வரி எழுதிப் போட்டாள்.

"கடைசிச் சோதினையோ! எந்த ஆஸ்பத்திரியில?" என்று பதில் வந்தது. பின்னால் அழுகிற முகங்கள் வரிசையாக வந்தன.

அரை மணித்தியாலத்தில் புஸ்பம் மாமி ஆட்டோவில் கல்லடிப் பாலம் தாண்டி வந்து இறங்கினாள். கையில் ஒரு போத்தல் பாவக்காய்ச் சாறு.

"மாமி, எனக்கு நோய் வருத்தம் ஒண்டுமில்ல. அது பாடம்!"

"ஓம் ஓம், வருத்தக்காரர் எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுற. இன்சுலின் இல்லாட்டி சீனி எங்க கா போகும்?"

சொன்னால் போய்விடுவாள் என்று தாள் எடுத்துப் படம் கீறி விளக்கினாள். மாமி போகவில்லை.

"அப்ப கொழுப்பு ஏன் உருகுது?" என்று வாசலில் வந்து நின்றார் வாழைச்சேனைப் பெரியப்பா கதிர்காமத்தம்பி. அதையும் விளக்கினாள்.

"இறால் திண்டா கூடுமா?" என்றான் மச்சான் நிலோஜன். புரதம் உடைந்து யூரியாவாகிற வழி முழுவதையும் மூச்சுவிடாமல் ஒப்புவித்தாள். அம்மா வருகிறவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் தக்ஷாயினி அறைக்குள் போய்க் கதவைப் பூட்டினாள். பெரியப்பா ஜன்னலுக்கு வந்தார்.

"இது பரம்பரையா வருமா மனே? கொஞ்சம் சத்தமாச் சொல்லு, மாமிக்குக் கேக்கல்லியாம்."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு டீஎன்ஏ பாடத்தைக் கத்தினாள். வெளியே ஆறு பேர் கதிரை போட்டு உட்கார்ந்து கேட்டார்கள்.

பின்னேரம் ஐந்து மணிக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. புத்தகம் திறக்கவே இல்லை.

"அம்மா, நான் பெயில்தான். ஒரு நாள் முழுக்க நாசமாப் போச்சு!"

அம்மா வாய் திறக்கும்முன் படலை திறந்தது. அம்மாவோடு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் றஸீனா டீச்சர் ஏறாவூரிலிருந்து வந்து இறங்கி, வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். தக்ஷாயினிக்குக் குழம்பியது. இவர் குடும்பக் குறூப்பிலேயே இல்லையே?

"பஸ் பிந்திட்டு டீச்சர், குறை நினைக்காதீங்க," என்று அம்மாவிடம் மூச்சு வாங்கினார் றஸீனா. "நீங்க எனக்குக் கேள்வி கேக்கப் பிரிச்சுத் தந்த ஒன்பதாம் பாடத்த வேற ஆரும் கேட்டுட்டாங்களா?"