இடப்பக்க அறையில் கிடைத்த லீவு

பேரன்புள்ள அக்காவுக்கும் மரியாதைக்குரிய அத்தானுக்கும் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே கல்யாண வேலைகளுக்கு நடுவிலும் எல்லோரும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன்.

"இந்தக் கல்யாணத்துக்கும் வரலேன்னா என் வாசப்படி மிதிக்காதே" என்று நீ போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. மறுநாள் காலையே லீவு கடிதத்தோடு தயாரிப்பாளர் அறைக்குப் புறப்பட்டேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது. எங்கள் தொலைக்காட்சித் தொடர், ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியைத் தயாரிக்கிறவர்களின் அலுவலகத்தில் நடக்கும் கூத்து என்பது உனக்குத் தெரியும். கற்பனைக்குச் சிரமப்படாமல் எங்கள் அலுவலகத்தையே அச்சு அசலாகப் பக்கத்தில் செட் போட்டுவிட்டார்கள். நடைபாதையில் வலப்பக்கம் திரும்பினால் தயாரிப்பாளர். இடப்பக்கம் திரும்பினால் தயாரிப்பாளராக நடிக்கிறவர். அதே மேசை, அதே வழுக்கை, அதே எரிச்சல். நான் ஏதோ யோசனையில் இடப்பக்கம் திரும்பிவிட்டேன். அவரும் ஒத்திகை என்று நினைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கிப் படித்து, "அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு இல்லாத லீவா? நாலு நாள் இருந்துட்டு வாங்க" என்று எழுந்து நின்று கைகொடுத்து, கையெழுத்தும் போட்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பதினோரு வருஷத்தில் எங்கள் தயாரிப்பாளர் உட்கார்ந்தபடிகூட யாருக்கும் கைகொடுத்ததில்லை. நான் பாட்டுக்கு டிக்கெட் எடுத்து, புதுச் சட்டைக்கு அளவும் கொடுத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் நிஜத் தயாரிப்பாளர் கடிதத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"யாருய்யா இதுல கையெழுத்து போட்டது?"

"நீங்கதான் சார். அதாவது, நீங்களா நடிக்கிறவரு."

"அப்ப அந்த லீவ தொடர்லயே எடுத்துக்க."

கூட இருந்த என் சக எழுத்தாளர்கள் ஐந்து பேரும் சிரிக்கவில்லை. நகைச்சுவை எழுதுகிறவர்கள் சிரிக்கமாட்டார்கள். "சிரிப்பா இருக்கு" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொல்வார்கள். சொல்லிவிட்டுக் குறித்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் அது படமாயிற்று. என் வேடத்தில் நடிக்கிறவர் லீவு வாங்கிக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்பிப் போனார். வசனம் எழுதிக் கொடுத்தவன் நான்.

அக்கா, எனக்கு வருத்தம்தான். தோளில் தூக்கி வளர்த்த பெண்ணின் கல்யாணத்துக்கு என்னால் வர முடியவில்லை. மன்னித்துவிடு என்று கேட்கவும் வாய் வரவில்லை. கோபம் ஆறியதும் ஒரு வரி எழுது. மணமக்கள் குறையொன்றுமின்றி வாழ என் ஆசிகள். அத்தானுக்கு வணக்கம்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது தயாரிப்பாளர் கூப்பிட்டார். "லீவு வாங்கினவன் கல்யாணத்துக்குப் போய்ச் சேரணும்ல? மண்டபம் செட் போடப் பத்து நாள் ஆகும். உங்க அக்கா வீட்டுக் கல்யாணம் என்னைக்கு?" என்றார். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு, வருகிறேன். என்னோடு நாற்பது பேர் வருகிறார்கள், இரண்டு லாரி விளக்குகளும் வருகின்றன. அத்தானிடம் போனில் பேசிவிட்டார்களாம். என்ன கலர் சட்டை போடவேண்டும் என்று மட்டும் கேட்டாராம். குடும்பப் படம் எடுக்கும்போது மாமா இடத்தில் என் வேடக்காரர் நிற்பார். கண் கலங்குவதும் அவரே. என்னைத் தேடி மேடைக்குக் கூப்பிட்டுவிடாதே, நான் கேமராவுக்குப் பின்னால் நிற்பேன். எனக்கு லீவு கிடையாது, வேலையாகத்தான் வருகிறேன்.