பாரிஸில் மழை என்று சொன்ன ரேடியோ

"…அதனாலதான் சொல்றான், பாரிஸ்ல இப்போ மழை புடிச்சிக்கினு இருக்குது, குடை இல்லாம யாரும் வெளிய வராதீங்கன்னு" என்றார் லூயி மாமா, ரேடியோவிலிருந்து காதை எடுக்காமலே.

முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் கூடியிருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ரேடியோவைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். பிறகு தபால்காரர் கோவிந்தனின் சைக்கிளைப் பார்த்தார்கள். அதன் கேரியரில் இன்னும் ஐந்து பார்சல்கள் கட்டியிருந்தன. அந்த ஐந்தும் எங்கள் தெருவுக்கு வந்ததற்கு முழுக் காரணம் என் மூளை. (அப்படி ஒன்று இருப்பதாக நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது.)

எழுபதுகளின் கடைசி. பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்திருந்தது. ஒன்பது கட்டம், ஒன்று முதல் ஒன்பது வரை எண்களை நிரப்ப வேண்டும், எந்தப் பக்கம் கூட்டினாலும் பதினைந்து வர வேண்டும். சரியாகப் போடும் அறிவாளிக்கு மூன்று பேண்ட் டிரான்சிஸ்டர் ரேடியோ பாதி விலையில். நான் எட்டாவதோடு நின்றவள். ஆனாலும் தரையில் கட்டம் போட்டு, புளியங்கொட்டைகளை இப்படியும் அப்படியும் நகர்த்தி உட்கார்ந்தேன். சோறு அடிப்பிடித்தது. விடை வந்துவிட்டது.

அறிவை ஒளித்து வைக்கிற வழக்கம் எனக்கு இல்லை. பக்கத்து வீட்டுக் கன்னியம்மா கேட்டாள், கொடுத்தேன். அவள் மூலமாக இன்னும் மூன்று வீட்டுக்குப் போனது. லூயி மாமாவும் கௌரவம் பார்க்காமல் வந்து எழுதிக்கொண்டு போனார். இரண்டே வாரத்தில் தில்லியிலிருந்து ஆறு வீட்டுக்கும் அச்சடித்த கடிதம்: 'பாராட்டுகள்! லட்சத்தில் ஒருவர் நீங்கள்!'

"லட்சத்துல ஒருத்தர், ஆறு பேரு ஒரே தெருவுலயா? எங்கியோ ஒதைக்குதே" என்றார் மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அந்துவான்.

"நம்ம தெரு ராசி அப்படி. உங்களுக்கு ஏன் வயிறு எரியுது?" என்று அவர் கையில் சாப்பாட்டுத் தூக்கைத் திணித்து அனுப்பினேன்.

பார்சல் வி.பி.பி. தபாலில் வந்தது. அதாவது, தபால்காரரிடம் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். பிரித்த பிறகு உள்ளே கருங்கல் இருந்தாலும் அது நம் கருங்கல். வேண்டாமென்றால் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடலாம்.

"மொதல்ல ரீத்தாக்கா பிரிக்கட்டும். அது பாடுச்சுன்னா நாங்களும் வாங்கிக்கறோம்" என்றாள் கன்னியம்மா. மகள் காதுகுத்துக்கு வைத்திருந்த பணத்தை முந்தானையில் முடிந்து எடுத்து வந்திருந்தாள். கோவிந்தனும் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு, "சீக்கிரம் ஆவட்டும், இன்னும் நாலு தெரு இருக்குது" என்றார்.

ஒரு வருஷமாகப் புடவைக்குச் சேர்த்ததை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பிரித்தேன். வைக்கோல். அதற்குள் இந்திப் பேப்பர். அதற்குள் மறுபடியும் வைக்கோல். கடைசியில் சோப்பு டப்பா அளவில் ஒரு ரேடியோ. விளம்பரப் படத்தில் ஒரு பெண் அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் எவ்வளவு சின்னப் பெண் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"இன்னாக்கா, குட்டி போட்டுட்டுத் தாய் ஓடிப்போச்சா?" என்றாள் ஒருத்தி. பேட்டரியைப் போட்டுத் திருகினேன்.

"கொர்ர்… ழ்ழுவா… க்ர்ர்ஷே… ழ்ழு…"

வேறு எந்த ஊராக இருந்தாலும் ரேடியோ கெட்டுப்போயிருக்கிறது என்று அந்த நிமிஷமே சொல்லியிருப்பார்கள். ஆனால் இது புதுச்சேரி. வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவது போல எது கேட்டாலும் அது பிரெஞ்சு என்பது எங்கள் தெருவின் தீர்மானம். "பிரெஞ்சுக்காரன் பேசறான்! லூயி மாமாவக் கூப்புடு!" என்று இரண்டு பேர் ஓடினார்கள்.

லூயி மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் கடல் தாண்டி சைகோன் வரைக்கும் போய் வந்தவர். அங்கே சமையல் கட்டில் வெங்காயம் உரித்தார் என்று சிலர் சொல்வார்கள். எப்படியானாலும் எங்கள் தெருவுக்கு பிரெஞ்சு என்றால் அவர்தான். யார் எந்தப் பழைய காகிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினாலும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, மேலும் கீழும் பார்த்து, "நல்ல விஷயம்தான், பத்திரமா வையி" என்று திருப்பிக் கொடுப்பார். சைகோனில் வாங்கிய கருப்புக் குடை ஒன்று எப்போதும் அவர் கையில் இருக்கும். விரித்து யாரும் பார்த்ததில்லை. அடைமழையிலும் அதை நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, தான் நனைந்து வருவார்.

அன்று காதை வைத்து அரை நிமிஷம் கேட்டார். அப்புறம் சொன்னதுதான் பாரிஸ் மழை.

"அவ்ளோ தூரத்துல பேசறதே கேக்குதுன்னா கெட்டி ரேடியோதான்" என்று கன்னியம்மா முந்தானையை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். லட்சத்தில் ஒருத்தியாகவே இருந்துவிடலாம். ஆனாலும் ஒரு தமிழ்ப் பாட்டு வந்தால் நன்றாக இருக்குமே என்று குமிழைத் திருப்பினேன். முள் ஒரு கோடிக்குப் போனது. அதே "ழ்ழுவா… க்ர்ர்ஷே."

"இது மார்செய் பட்டணம். அங்கயும் மழைதான்" என்றார் மாமா.

மறு கோடிக்குத் திருப்பினேன். அதே குரல், அதே கரகரப்பு.

"லியோன். பக்கத்து ஊரு. அதே மழை" என்றார். இந்த முறை என் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாவது தடவை குமிழ் என் கையோடு வந்துவிட்டது. அது இருந்த இடத்தில் வெறும் பிளாஸ்டிக் குச்சி. அது ரேடியோவின் உள் பாகம் எதையும் தொடவில்லை. முள்ளை நகர்த்துவதைத் தவிர அதற்கு வேறு வேலையே கிடையாது. ரேடியோ தன் பாட்டுக்கு "ழ்ழுவா" என்றது.

கன்னியம்மாவின் முடிச்சு பாதி அவிழ்ந்திருந்தது.

"முடிச்சப் போடுடி" என்றேன். கையோடு வந்த குமிழை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினேன். "ரேடியோ சரியில்ல. யாரும் பணத்த எடுக்காதீங்க. ஏமாந்தது என் ஒருத்தியோட போவட்டும்."

அதற்குப் பிறகு அந்தக் கம்பெனிக்கு மூன்று கடிதம் எழுதினேன். முகவரி என்று இருந்தது ஒரு தபால் பெட்டி எண் மட்டும். பெட்டியோடு சண்டை போட முடியுமா? (இப்போது என் மகள் போனில் வாங்கிய மிக்ஸியைத் திருப்பி அனுப்ப ஒரு இயந்திரக் குரலோடு மல்லுக்கட்டும்போது எனக்கு அந்தப் பெட்டிதான் ஞாபகம் வரும்.) அந்துவான் அன்று வீட்டுக்கு வந்து, ரேடியோவைக் கையில் எடுத்து எடை பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் ஒரு நாளோடு போயிருக்கும். நாற்பது வருஷத்துக்கு மேலாகியும், நான் தெரியாத விஷயத்தை அடித்துப் பேசினால், "ரீத்தா, பாரிஸ்ல மழையா?" என்பார். பேரப்பிள்ளைகள் வரைக்கும் தொற்றிவிட்டது.

ஆனால் அன்று வாசலில் கதை இன்னும் முடியவில்லை. நான் சொன்னதும் கன்னியம்மா முடிச்சை இறுக்கிக்கொண்டு, "அப்போ மாமா சொன்ன மழை?" என்று கேட்டுவிட்டாள். கோவிந்தன் நான்கு பார்சலில் 'மறுத்துவிட்டார்' என்று எழுதி முடித்து, ஐந்தாவதைக் கையில் எடுத்தார்.

"லூயி மாமா, இது உங்களுது. நீங்கதான் நல்லா பேசுதுன்னு சொன்னீங்களே. வாங்கிக்கறீங்களா?"

மாமா பார்சலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் என் கால் விரலைப் பார்த்துக்கொண்டேன்.

"எனக்கு எதுக்குப்பா? பட்டாளத்துல பிரெஞ்சு கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு" என்றார் நிதானமாக. "தமிழ் பேசற ரேடியோ வந்தா சொல்லு."

வைகாசி வெயில் தெருவைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. மாமா வாசல்படியிலிருந்து இறங்கினார், அண்ணாந்து ஒரு தரம் பார்த்தார், சைகோன் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, இல்லாத தண்ணீரில் கால் படாமல் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி வீட்டுக்கு நடந்தார்.