படுத்துக் கிடந்தால் காய்ச்சல்

விஞ்ஞானம் இந்த உலகத்தில் இரண்டே இடங்களில்தான் பூரண வளர்ச்சி கண்டது. ஒன்று இலண்டன் மாநகரம். மற்றது, மட்டக்களப்பு மாங்கேணிக்குப் பக்கத்தில் வாவிக்கரையிலே, ஓலைக் கூரையும் தகரப் பெயர்ப்பலகையுமாகத் தலை நிமிர்ந்து நின்ற, கொசுக்களை ஆராயும் எங்கள் நுளம்பு ஆராய்ச்சி நிலையம். இலண்டனைப் பற்றி எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆகையால் எங்கள் நிலையத்தைப் பற்றியே சொல்கிறேன்.

நான் கனகசிங்கம். அந்நிலையத்தின் தலைமை இலிகிதர்; கோப்பும் கடிதமும் என் பொறுப்பு. எனக்குக் கீழே வேறு இலிகிதரே இல்லை, பிறகென்ன தலைமை என்று சில பொறாமைக்காரர் கேட்பார்கள். ஊர் வாய்க்குப் பூட்டா போட முடியும்? எனக்கு மேலே வெள்ளைக்காரத் துரை இருந்தார். கீழே ஏறாவூர் மஜீட், பியோன். எங்கள் மூவருக்கும் சம்பந்தமில்லாத ஒரு சில்லறை வேலையும் அங்கே நடந்துகொண்டிருந்தது. அதற்கு ஆராய்ச்சி என்று பெயர். அதைச் சீதேவிப்பிள்ளை என்ற ஒருத்தி பார்த்துக்கொண்டாள்.

அவள் பனிச்சங்கேணிக்காரி. வாவியில் இறால் பிடித்துத் திரிந்தவள். பதிவேட்டில் அவள் பதவி, 'வாளி தூக்குவோர், நாட்கூலி, தற்காலிகம்'. அந்தத் தற்காலிகம் அப்போது ஏழாவது வருடத்தில் நடந்துகொண்டிருந்தது. குட்டை, மண் வெட்டிய கிடங்கு, மாடு மிதித்த குழி என்று நிற்கிற தண்ணீரையெல்லாம் சிரட்டையால் அள்ளிப் பார்ப்பாள். துரை நுணுக்குக்காட்டியைத் துடைத்து, கண்ணை வைத்து, புத்தகம் புரட்டி, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்டுபிடிக்கிற சங்கதியை, இவள் சிரட்டையைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள்.

"தலைகீழாத் தொங்கினா அது சும்மா நுளம்புக் குஞ்சு ஐயா. வளந்து கடிக்கும், அவ்வளவுதான். தண்ணிமட்டத்தில படுத்துக் கிடந்தா காய்ச்சல்."

ஒரு தடவையும் அவள் சொல் பிழைத்ததில்லை. ஆனால் சொல்வது வேறு, ஒப்பமிடுவது வேறு. ஒரு குட்டையில் மண்ணெண்ணெய் ஊற்றிப் புழுவைக் கொல்வதென்றால் எண்ணெய்ச் சீட்டு வேண்டும். சீட்டில் நிரந்தர விஞ்ஞான உத்தியோகத்தர் ஒப்பமிட வேண்டும். அப்படிப்பட்டவர் துரை ஒருவரே. துரை வேட்டைக்குப் போனால் வருவதற்குப் பத்து நாள். பெரிய மலேரியாக் காய்ச்சல் வந்த வருடம் பனிச்சங்கேணிக் கிடங்குகளுக்கென்று சீதேவிப்பிள்ளை சீட்டுக் கேட்டாள். துரை வருமட்டும் சீட்டு என் மேசையில் பத்திரமாக இருந்தது. ஓர் ஈகூட அதில் உட்கார நான் விடவில்லை. துரை வந்து ஒப்பமிட்டபோது அவளுடைய தங்கச்சியை அடக்கம் செய்து நாலு நாள் ஆகியிருந்தது. என்ன செய்வது? ஒழுங்கு என்றால் ஒழுங்கு.

இப்படியிருக்க, முப்பத்தெட்டாம் ஆண்டில் கொழும்பிலிருந்து ஒரு சுற்றுநிருபம் வந்தது. 'விஞ்ஞான ஊழியர் முன்னேற்றத் திட்டம்.' படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கீழ்நிலை ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஒரு 'வழிகாட்டி' நியமிக்கப்பட வேண்டுமாம். அதுமட்டுமா! 'உதவி ஆய்வாளர்' என்ற நிரந்தரப் பதவி ஒன்று, உட்காரக் கதிரையும் ஒப்பமிடும் அதிகாரமும் சேர்த்து, அவ்விடத்துப் பெண்ணொருத்திக்கு ஒதுக்கப்படுகிறதாம்.

அவ்விடத்தில் நுளம்பு தெரிந்த பெண் ஒருத்திதான்.

"சீதேவி! உனக்குக் கதிர வருகுது புள்ள!" என்று மஜீட் வாவிக்கரை வரைக்கும் கேட்கக் கத்தினான். கொழும்புக் கடிதங்களை எனக்கு முன்னால் வாசிக்கிற கெட்ட பழக்கம் அவனுக்கு உண்டு.

"கதிர கிடக்கட்டும் மஜீட் காக்கா. என்ட கையெழுத்துக்கு எண்ணெய் தருவாங்களா?"

"தருவாங்க எண்டுதான் போட்டிரிக்கி."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். அன்று தொடங்கிக் கரித்துண்டை எடுத்துத் தன் பெயரை எழுதிப் பழகினாள். நிலையத்துச் சுவரெல்லாம் சீதேவிப்பிள்ளை, சீதேவிப்பிள்ளை! நான் இரண்டு முறை சுண்ணாம்பு அடிப்பித்தேன்.

அவளுக்கு வழிகாட்டியாக நானே பெருமனதுடன் முன்வந்தேன். வியாழன்தோறும் கால் மணி நேரம். முதல் வியாழன் படிவத்தைப் பார்த்துக் கேட்டேன்: "இதுவரை உனக்கு வழிகாட்டி யார்?"

"பனிச்சங்கேணியில இரிந்து வாற வழிக்கா ஐயா? கண்ணக் கட்டி உட்டாலும் நான் வருவன். வழிகாட்டி என்னத்துக்கு?"

'வழிகாட்டலை மறுக்கும் சுபாவம்' என்று குறித்துக்கொண்டேன். ஆனாலும் கைவிடவில்லை. "நீ முன்னேற வேண்டுமானால் எப்போதும் தலை நிமிர்ந்து நட. அதே நேரம் பெரியவர்கள் முன்னால் குனிந்து நில்" என்றேன்.

"ரெண்டையும் ஒரேயடியா எப்புடி ஐயா செய்யிற?"

"அதுதான் பயிற்சி."

இந்தச் சமயத்தில்தான் அருமைநாயகம் என்ற இளைஞர், திறமை ஒன்றையே துணையாகக் கொண்டு எங்கள் நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். அவருடைய தாயார் என் கூடப்பிறந்த அக்கா என்பது தற்செயல். அவருக்கும் வழிகாட்டி வேண்டுமே! சீதேவிப்பிள்ளையை நியமித்தேன். மூன்று மாதம் அவள் சேற்றில் நின்று சொல்லிக் கொடுத்தாள், அவர் வரம்பில் குடை பிடித்து எழுதிக்கொண்டார். அவருடைய கொப்பியை நானே பார்த்தேன். 'படுத்துக் கிடந்தால் காய்ச்சல்' என்று முத்து முத்தாக எழுதியிருந்தார். பிள்ளை விளங்கிக்கொண்டுவிட்டது என்று பூரித்துப்போனேன்.

உதவி ஆய்வாளர் பதவிக்கு நேர்முகப் பரீட்சை நடந்தது. துரை மூன்று சிரட்டைகளில் தண்ணீர் வைத்தார். சீதேவிப்பிள்ளை குனியக்கூட இல்லை. "தொங்குது. தொங்குது. இது படுத்துக் கிடக்கு." துரை ஒவ்வொன்றாக நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டு, "அற்புதம்!" என்றார்.

ஐயையோ, அநியாயம் நடந்துவிடப் போகிறதே என்று பதறிப்போனேன். எழுந்தேன்.

"துரை அவர்களே, இவள் அருமைநாயகத்துக்கு வழிகாட்டி. வழிகாட்டியே குறுக்கே நின்றால் பிள்ளை எந்த வழியால் முன்னேறும்?"

"ஆனால் பதவி பெண்ணுக்கல்லவா?"

"மட்டக்களப்பில் யாரையும் உன் குடி எது என்று கேட்டுப் பாருங்கள். தாயின் குடியைத்தான் சொல்வான். வயலும் வளவும் இறங்குவது பெண்வழி. கோயிலில் மரியாதை கொடுப்பது பெண்வழி. அதாவது துரை, இந்த மண்ணில் ஆண் என்று தனியாக ஒன்று கிடையாது. எல்லாரும் பெண்வழிதான்."

நாட்டு வழக்கங்களில் துரைக்கு அலாதிப் பிரியம். பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். "அப்படியானால் இவரைப் பெண் என்று பதியலாமா?"

"பெண்வழி என்று பதிவோம் துரை. 'வழி'யைக் கொஞ்சம் சிறிதாக எழுதிவிடுகிறேன்."

சீதேவிப்பிள்ளை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப நான் எந்த வழி ஐயா?" என்றாள்.

"வந்த வழி" என்றேன்.

 அவள் வாளியை எடுத்துக்கொண்டு போனாள். மஜீட் அன்று எனக்குத் தேத்தண்ணீர் கொண்டுவரவில்லை. கேட்டதற்கு, சீனி முடிந்துவிட்டது என்றான்.

பெண்கள் முன்னேற்றத்தின் நினைவாக என் அறை யன்னலுக்கு நேரே ஒரு தாமரைத் தடாகம் வெட்டினோம். 'சமவாய்ப்புத் தடாகம்' என்று பெயரிட்டு, அருமைநாயகத்துக்கு மாலை போட்டுப் படம் பிடித்தோம். மூன்றாவது வாரம் சீதேவிப்பிள்ளை அதில் சிரட்டையை விட்டாள்.

"ஐயா, தாமரைக்குள்ள படுத்துக் கிடக்கு. பனிச்சங்கேணிக் கிடங்கிலயும் அதுதான். சுறுக்கா எண்ணெய்ச் சீட்டு எழுதித் தாங்க."

"அதற்குத்தான் இப்போது உத்தியோகத்தர் இருக்கிறாரே" என்றேன்.

உத்தியோகத்தர் அருமைநாயகம் வந்தார். தடாகத்தைக் குனிந்து பார்த்தார். கொப்பியைப் புரட்டினார். பிறகு கதிரையில் அமர்ந்து, நிலையத்தின் சரித்திரத்திலேயே முதலாவது விஞ்ஞான அத்தாட்சிப் பத்திரத்தை எழுதினார்: 'மேற்படி புழுக்கள் படுத்துக் கிடக்கக் காணப்பட்டன. படுத்துக் கிடந்தால் காய்ச்சல். ஆகவே புழுக்களுக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது. சில நாளில் தாமாகவே இறந்துபோகும். எண்ணெய் தேவையில்லை. பனிச்சங்கேணிப் புழுக்களுக்கும் இதுவே பொருந்தும்.'

நான் முத்திரை குத்தினேன். சீதேவிப்பிள்ளை என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்கவில்லை. முத்திரை சரியாக விழுந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

புழுக்கள் சாகவில்லை. இறக்கை முளைத்து யன்னலால் வந்தன. முதலில் அருமைநாயகம் விழுந்தார், அடுத்தது துரை, பிறகு நான். நிலையத்துக் கூடத்தில் மூன்று கட்டில் போட்டு வரிசையாகக் கிடத்தினான் மஜீட். என் பல் கிடுகிடுவென்று அடித்ததில் கட்டிலே கூட நடுங்கியது. கொயினா மருந்துத் தண்ணீர் நாக்கில் பட்டாலே குமட்டல். அப்போதுதான் மஜீட் சீதேவிப்பிள்ளையைக் கூட்டிவந்தான்.

"தடாகத்துக்கு எண்ணெய் ஊத்தவேணும். சீட்டு எங்க ஐயா?"

"ஒப்பமிட ஆளில்லை" என்று முனகினேன். "எல்லாரும் படுத்துக் கிடக்கிறோம்."

அவள் மூன்று கட்டிலையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தாள். "ஏழு வருசமா இதத்தானே ஐயா சொல்றன். தொங்கிறதால ஒரு கேடும் இல்ல. படுத்துக் கிடக்கிறதுதான் காய்ச்சலக் குடுக்கிற."

அப்போது அவள் தடாகப் பக்கம் பார்க்கவேயில்லை.

பிறகு நடந்ததைச் சட்டம் மன்னிக்காது. எண்ணெய் அறைக்குள் போனாள். ஒரு டின்னைத் தடாகத்தில் ஊற்றினாள். இன்னொரு டின்னைத் தலையில் வைத்துக்கொண்டு பனிச்சங்கேணிப் பக்கம் நடந்தாள். சும்மாடு சுற்றிக் கொடுத்தது மஜீட்.

காய்ச்சல் விட்டதும் ஆண்டறிக்கை எழுதினேன். நாற்பது பக்கம். 'வழிகாட்டல்' என்ற தலைப்பில் பன்னிரண்டு பக்கம். 'பெண்கள் முன்னேற்றம்' என்ற தலைப்பில் மாலையும் மீசையுமாக அருமைநாயகத்தின் படம். கொழும்பிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது, எனக்குப் பதவி உயர்வும் வந்தது. கடைசிப் பக்கத்தில், 'களவுகள்' என்ற தலைப்பின் கீழே ஒரே ஒரு வரி: 'மண்ணெண்ணெய் இரண்டு டின். ஒன்று நிலையத் தடாகத்திலும் மற்றது பனிச்சங்கேணிக் கிடங்குகளிலும் ஊற்றப்பட்டது. இவ்வருடம் அவ்வூரில் காய்ச்சல் இல்லை.'

களவுக்குச் சாட்சி தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. எண்ணெய் அறைச் சுவரில் கரியால், கோணல் இல்லாமல், எழுதியிருந்தது: 'எண்ணெய் ரெண்டு டின். சீதேவிப்பிள்ளை.'

அவளை வேலையிலிருந்து நீக்கும் கட்டளையில் நான் ஒப்பமிட்டேன். என் எழுத்துக் கோணிப்போயிற்று. காய்ச்சல் விட்டு அப்போது ஒரு மாதம்.