கோல்டிங் நகரத்து வயர் மகிமை

கோல்டிங் ஊர்க்காரர்களுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. பெயர் வைக்க ஒருமுறை, கல்யாணத்துக்கு ஒருமுறை, கடைசியாகப் பெட்டியில் படுத்தபடி ஒருமுறை, இவ்வளவுதான் எங்களுக்கும் தேவாலயத்துக்கும் உறவு. பாதிரியார் வீட்டுக்கு வந்தால் காபி கொடுத்து, மழையைப் பற்றிப் பேசி, மரியாதையாக அனுப்பிவிடுவோம். அவ்வளவு தெளிவான ஊர். இந்த ஊரில்தான் பிளெமிங் ராஸ்க் வயர் விற்றார்.

வீட்டு இணையப் பெட்டியிலிருந்து பாட்டுப் பெட்டிக்குப் போகிற வயர் அது. கடையில் ஒரு பீட்சா விலைக்குக் கிடைக்கும். பிளெமிங்கிடம் வாங்கினால் ஸ்பெயினுக்கு விடுமுறை போய்வருகிற செலவு. காரணம் இருக்கிறது. தன் வீட்டு நிலவறையில் வைத்து, பல வாரங்கள் செல்லோ இசையை உள்ளே ஓடவிட்டு, வயரைப் 'பழக்கி' வைத்திருக்கிறார். பழகாத வயரில் பாட்டின் ஆன்மா வழியிலேயே கசிந்துவிடுமாம். பல் டாக்டர் ஹென்னிங் இரண்டு வாங்கினார். இயற்பியல் பாடம் நடத்தும் ஆசிரியை ஒன்று வாங்கிவிட்டு, இத்தனை நாள் காது கேளாமல் வாழ்ந்ததாகக் கண் கலங்கினார். மற்றவர்கள் முன்பணம் கட்டிவிட்டு வரிசையில் காத்திருந்தார்கள்.

என் பக்கத்து வீட்டு டோர்பெனும் வரிசையில் சேர்ந்தான். அவன் வீட்டுப் பழைய ஸ்பீக்கர்கள் இருமிக்கொண்டிருந்தன. நல்லதாக இரண்டு வாங்கினான், இணையத்திலிருந்து பாட்டை இழுத்துத் தரும் பெட்டி ஒன்றும் வாங்கினான். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே வித்தியாசம் தெரிந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அறையைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று பிளெமிங்கை அழைத்தான்.

பிளெமிங் வந்தார். நான்கு மூலையிலும் கை தட்டிப் பார்த்தார். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே சுவரோரம் இருந்த பியானோவின் முன்னால் வந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்த அறையில ஒரு பீடை இருக்கு, டோர்பென்."

"எங்க?"

"இதோ, இதுதான். நீ பாட்டுப் போடும்போதெல்லாம் இதுக்குள்ள இருக்கிற இருநூறு கம்பியும் கூடவே முனகுது. எந்த வயர் போட்டாலும் நிக்காது. இது வெளிய போகணும். வாங்கிக்க எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்காரு, திங்கக்கிழமை வண்டி அனுப்புறேன். அந்தக் காசுல வயரையும் முடிச்சிடலாம்."

பியானோ டோர்பெனின் மனைவி போடிலுடையது. மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, சாப்பாட்டுக்கு முன் அரை மணி நேரம் வாசிப்பாள். அது இல்லாத நாளில் அவளிடம் யாரும் பேச முடியாது. பியானோ இசையை உள்ளபடி கேட்பதற்காக, வீட்டில் இருக்கிற பியானோவை விற்றுவிட முடிவு செய்த மனிதனை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்றாள் போடில்.

"கேட்டா வேண்டாம்பே. ஞாயித்துக்கிழமை அவரு இங்கயே வந்து எல்லாருக்கும் போட்டுக் காட்டுறாரு. வயர் பொய்னு ஆச்சுன்னா, வண்டியை நானே திருப்பி அனுப்பிடுறேன்."

"சரி. எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்கும்போது இதையே இன்னொரு தடவ சொல்லணும்."

ஞாயிறு மதியம் வயர் வாங்கியவர்களும் வரிசையில் காத்திருந்தவர்களும் வந்து, டோர்பென் வீட்டில் நிற்க இடமில்லை. நான் கேக்குக்காகப் போனேன். டோர்பென் தன் வாக்கைச் சபையில் சொன்னான். பிளெமிங் ஆளுக்கொரு கறுப்புக் கண்பட்டை கொடுத்தார்.

"கண்ணை மூடினாத்தான் காது தொறக்கும்" என்றார்.

கடவுளை நம்பாத அத்தனை பேரும் பயபக்தியோடு கண்ணைக் கட்டிக்கொண்டார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு கிரீம் கேக் தின்பது சிரமம். நான் பட்டையை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டேன். காபி ஊற்றிக்கொண்டிருந்த போடிலுக்குப் பட்டையே கொடுக்கவில்லை.

முதலில் சாதாரண வயர். மெதுவான பியானோ இசை ஒன்று ஓடியது. "இப்ப நம்ம வயர்" என்று பிளெமிங் குனிந்தார். இருந்த வயரைக் கழற்றினார், அதையே திரும்பச் செருகினார். பிறகு மடியிலிருந்த ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். ஒளிக்கவும் இல்லை. எதற்கு ஒளிக்க வேண்டும்?

"அடேயப்பா, திரை விலகின மாதிரி இருக்கு" என்றார் ஹென்னிங்.

போடில் என்னைப் பார்த்தாள். உதட்டில் விரல் வைத்தாள்.

"எனக்கும் பிடிச்சிருக்கு," என்றாள் சபையிடம். "ஆனா மருந்து சோதிக்கிறதுல ஒரு வழக்கம் இருக்கு. எது நிஜ மாத்திரை, எது வெறும் சர்க்கரைன்னு திங்கிறவனுக்கும் தெரியக் கூடாது, குடுக்கிறவனுக்கும் தெரியக் கூடாது. பிளெமிங், நீங்களும் கண்ணைக் கட்டிக்குங்க. வயரை நான் மாத்துறேன்."

"அதைத் தொட பழகின கை வேணும்மா."

"அட, கட்டிக்குங்க பிளெமிங்," என்றார் ஹென்னிங் பெருமையோடு. "உங்க காதுக்கு இதெல்லாம் ஒரு சோதனையா?"

பக்தன் சொன்ன பிறகு குரு என்ன செய்வார்? கட்டிக்கொண்டார்.

போடில் ரிமோட்டை அவர் மடியிலிருந்து எடுத்தாள். பாட்டுப் பெட்டியின் மின்சாரத்தையே பிடுங்கினாள். சத்தமில்லாமல் பியானோ மூடியைத் திறந்து உட்கார்ந்து, அதே இசையை மெதுவாக வாசித்தாள்.

"பழைய வயர்" என்றார் பிளெமிங், இரண்டாவது வரி முடியும் முன்பே. "பிளாஸ்டிக் மாதிரி இருக்கு. நிஜ பியானோ இப்படியா இருக்கும்?"

"உயிரே இல்ல" என்றார் ஹென்னிங்.

போடில் நிறுத்தினாள். வயரைத் தரையில் சும்மா உரசினாள். அதே இசையைச் சற்று அழுத்தி வாசித்தாள்.

"இதோ, இதுதான் நம்மது" என்று பிளெமிங் சாய்ந்து உட்கார்ந்தார். "விரல் கட்டையில படுற சத்தம்கூடக் கேக்குது பாருங்க."

"வாசிக்கிறவங்க மூச்சுகூடக் கேக்குது" என்றார் ஹென்னிங்.

"என் மூச்சுதான்" என்றாள் போடில். "எல்லாரும் பட்டையை எடுங்க."

எடுத்தார்கள். போடிலின் ஒரு கை பியானோ கட்டையில் இருந்தது, இன்னொரு கையில் பிடுங்கிய மின்வயர்.

பிளெமிங்தான் முதலில் தேறினார். "நிஜ பியானோவைக் கேட்டு என் வயர்னு நினைச்சேன்னா, அது என் வயருக்குப் பெருமைதானே?"

"முதல்ல பிளாஸ்டிக்னீங்களே, அதுவும் இதே பியானோதான். உங்க ஆட்டத்துல வயரை மாத்தவே இல்ல, சத்தத்தைக் கூட்டினீங்க. நானும் பாத்தேன், கேக் தின்னுக்கிட்டு அவரும் பாத்தாரு."

நான் வாயில் கேக்கோடு தலையாட்டினேன். டோர்பென் முகம் பீட்ரூட்டாகச் சிவந்திருந்தது.

"வண்டி வேண்டாம், பிளெமிங்" என்றான். பிறகு மனைவியிடம், "நான் முட்டாளா இருந்துட்டேன்" என்றான். அவன் அப்படிச் சொன்னது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. போடில் மறுப்பு சொல்லவில்லை.

பிளெமிங் கண்பட்டைகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார். அடுத்த ஊரில் தேவைப்படும்.

வாசலில் ஹென்னிங் என் தோளைத் தொட்டார். "இங்க ஏமாத்துனது சரிதான். ஆனா என் வீட்டு வயர் நிஜமாவே வித்தியாசமா கேக்குதுய்யா."

பல் டாக்டர், படித்தவர், தேவாலயத்துப் பக்கமே போகாதவர். சாமியை விட்டுவிட்டால் மட்டும் புத்தி வந்துவிடாது. சாமி இருந்த இடத்தில் ஒரு வயர் வந்து உட்கார்ந்துகொள்ளும். கண்ணை மூடு என்று எவன் சொன்னாலும், ஒரு கண்ணைத் திறந்து அவன் கை என்ன செய்கிறதென்று பாருங்கள். அதனால் காது ஒன்றும் கெட்டுப்போகாது.